உஷார்! பூனையின் காதில் கருப்பு அழுக்கா? மாட்டு உண்ணி மருந்தைத் தொடாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பூனை கொஞ்ச நாளாக அடிக்கடி தலையை உதறுகிறதா? பின்னங்காலைத் தூக்கிக் காதை வறட்டு வறட்டென்று பிறாண்டுகிறதா? காதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே கரும்பழுப்பாக ஏதோ அடைந்து கிடக்கிறதா? பெரும்பாலும் அது காதுப் பூச்சியின் வேலை.

பதறிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்து அந்தக் காதில் ஊற்றிவிடாதீர்கள். குறிப்பாக, மாட்டுக்காக வாங்கிக் கொட்டகையில் வைத்திருக்கும் உண்ணி மருந்தை! காதுப் பூச்சி பூனையை வதைக்கும். அந்த உண்ணி மருந்தோ பூனையைக் கொன்றேவிடக்கூடும்.

எந்த ஊர்ப் பூனைக்கும் இந்தப் பூச்சி வரும். ஆனாலும் அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சி மாதிரியான ஊர்க்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. உருவச் சிலை இல்லாமல் கல் கம்பமே அங்கே மூலவர். காணாமல் போன பசுவை அந்தக் கம்பத்தருகே கண்டெடுத்த கதைதான் தல வரலாறு. விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவதும், ஆடு மாடு நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்வதும் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களின் வழக்கம்.

மாடு இருக்கிற வீட்டில் உண்ணி மருந்து இருக்கும். மக்காச்சோளமும் நெல்லும் மூட்டையாக அடுக்கியிருக்கிற வீட்டில் எலி இருக்கும். எலி இருந்தால் பூனையும் இருக்கும். ஆக, பூனை படுக்கிற அதே கொட்டகையின் பலகையில்தான் அதைக் கொல்லக்கூடிய பாட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிற கை, பூனைக்கு என்று வரும்போது மட்டும் அந்தப் பலகைப் பக்கம் நீள்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தூசு என்று விட்டுவிடாதீர்கள்

கல்லங்குறிச்சியைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமென்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள். ஓட்டின் மேல், இலையின் மேல், கொடியில் காயும் துணியின் மேல் எங்கும் வெள்ளைத் தூசு. அதனால் பூனையின் காதில் அழுக்கைப் பார்த்தாலும், “புழுதியில புரளுதுல்ல, அதான்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

புழுதி வெளுப்பாக இருக்கும். மடல் மேல் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். காதுப் பூச்சியால் வரும் அழுக்கு அப்படி இல்லை. டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் காபித்தூள் மாதிரி இருக்கும்: கரும்பழுப்பாக, பொருபொருவென்று, கொஞ்சம் ஈரப்பசையோடு. பூச்சி, அதன் கழிவு, காதுக் குறும்பி, உலர்ந்த ரத்தம் எல்லாம் கலந்த கலவை அது. இன்றைக்குத் துடைத்தாலும் சில நாளில் மறுபடி அடைந்துகொள்ளும். நாள்பட்டால் நாற்றமும் சேரும்.

நல்ல காது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட காதைக் கண்டுபிடிக்க முடியும். வெளிச்சத்தில் மடலைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெளிர் ரோஸ் நிறத்தில், சுத்தமாக, வாடையில்லாமல் இருக்க வேண்டும். இலேசாகக் குறும்பி இருந்தால் பயமில்லை. இரண்டு காதுகளையும் பாருங்கள். காதுப் பூச்சி பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உஷார்!

* தலையை அடிக்கடி உதறுவது. காதைத் தரையிலும் திண்ணை ஓரத்திலும் தேய்ப்பது.
* காதின் அடிப்பகுதியை விரலால் மெதுவாகத் தேய்த்தால், பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றில் சொரிவது.
* காதின் பின்னாலும் கண்ணுக்கு மேலும் முடி உதிர்வது, நகக் கீறல், பொருக்கு.
* காதைத் தொட்டாலே சீறுவது. மடியில் படுத்த பூனை திடீரென்று ஆளை அண்டவிடாமல் ஒதுங்குவது.
* காதுக்குள் காபித்தூள் அழுக்கு.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பட்ஸைக் காதுக்குள் விட வேண்டாம். வெளியே, கண்ணுக்குத் தெரியும் மடிப்பில் இருக்கும் அழுக்கை மட்டும் பஞ்சால் துடைத்தெடுங்கள். அதைக் கருப்புத் தாளின் மேல் உதறி, வெயில் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. தூளோடு தூளாகக் கிடக்கும் வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று மெல்ல நகரும். பிறகு இன்னொன்று. அவைதான் பூச்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புள்ளி எதுவும் நகரவில்லை என்பதால் மட்டும் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கருவியும் நுண்ணோக்கியும் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கருப்பு அழுக்கெல்லாம் பூச்சியும் அல்ல. ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகினாலும், பாக்டீரியாத் தொற்று வந்தாலும் காது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பூச்சிக்கான மருந்தை அதற்குப் போட்டால் பலனில்லை. அதற்கான மருந்தைப் பூச்சிக்குப் போட்டாலும் பலனில்லை. பார்க்காமல் மருந்து போடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

“ரெண்டு நாள் மருந்து விட்டோம், சரியாப் போச்சு, மறுபடி வந்துடுச்சு” என்று பலரும் சொல்வதுண்டு. அதற்குக் காரணம் பூச்சியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

ஓட்டோடெக்டிஸ் சைனோடிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். எட்டுக் கால் கொண்ட, சிலந்தியின் தூரத்து உறவு. தோலைத் துளைத்து உள்ளே போகாது. காதுக் குழாயின் மேல்தோலிலேயே ஊர்ந்து, உதிரும் தோலையும் கசிவையும் தின்று வாழும். அது ஊர்வதாலும் அதன் கழிவாலும் காது புண்ணாகி, குறும்பி இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதுவே அதற்கு மேலும் தீனியாகிறது.

இட்ட முட்டை நாலு நாளில் பொரியும். முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக வளர மூன்று வாரம் ஆகும். வளர்ந்த பூச்சி சுமார் இரண்டு மாதம் உயிரோடு இருக்கும். சொட்டு மருந்துகள் பலவும் ஊர்கிற பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இரண்டு நாளில் அரிப்பு குறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால், மிச்சமிருக்கும் முட்டைகள் பொரிந்து மூன்று வாரத்தில் பழைய கதை தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பூச்சி காதோடு நிற்பதில்லை. பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதருகே வருகிறது. கழுத்துக்கும் வாலடிக்கும் பூச்சி இறங்கிவிடுகிறது. காதை மட்டும் சுத்தம் செய்தால், வாலில் இருந்து மறுபடி ஏறிவிடும். விலங்கின் உடம்பை விட்டுக் கீழே விழுந்தாலும், ஈரப்பதமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வரை பிழைத்துக் கிடக்கும்.

ஒரு பூனையின் உடம்பு இன்னொன்றின் மேல் படுவதே இது பரவப் போதும். தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டிகளுக்கு வந்துவிடும். அதனால்தான் குட்டிகளிடமும், வெளியே சுற்றும் பூனைகளிடமும் இது அதிகம். பூனைகளுக்கு வரும் வெளிக்காது அழற்சியில் ஏறத்தாழப் பாதிக்கு இந்தப் பூச்சியே காரணம் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வாசலில் கட்டியிருக்கும் நாய்க்கும் இது தொற்றும்.

இவற்றைக் காதில் ஊற்றாதீர்கள்!

இந்தப் பகுதியைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

மாட்டு உண்ணி மருந்து: இதில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் இருக்கும். நாய்களுக்கான உண்ணிப் பவுடர், சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். இவை மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். மாடும் நாயும் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். பூனை தாங்காது. இப்படிப்பட்ட நஞ்சுகளை முறித்து வெளியேற்ற மற்ற விலங்குகளின் கல்லீரலில் நடக்கும் ஒரு முக்கிய வேலை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாகத்தான் நடக்கிறது. அதனால் உடம்பில் ஏறிய விஷம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. காதில் விட்டால்தான் என்று இல்லை. முதுகில் தடவினாலும் பூனை நக்கியே உள்ளே அனுப்பிவிடும். தன் உடம்பை நாள் முழுக்க நக்கித் துடைக்கும் பிராணி அது.

வயலுக்கு அடிக்கும் மருந்து: பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உரக்கடையில் வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று ஒரு சொட்டு விடுவது கொலைக்குச் சமம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி: கால்நடை மருத்துவர்கள் பூனைக்கும் இதைப் பயன்படுத்துவது உண்டு. அளவில்தான் உயிர் இருக்கிறது. மாட்டுக்கான ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லி என்பது ஐம்பது கிலோ எடைக்கான அளவு. உங்கள் பூனைக்குட்டியின் எடை அரைக் கிலோ. அதே கணக்கில் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு! வீட்டில் இருக்கும் சாதாரண சிரிஞ்சால் அதைச் சரியாக அளக்க முடியாது. கூடுதலாகப் போனால் மருந்து மூளையைத் தாக்கும். தள்ளாட்டம், பார்வை மங்கல், மயக்கம், மரணம். குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சீமெண்ணெய், டெட்டால், பினாயில், கற்பூர எண்ணெய், நீலகிரித் தைலம், புகையிலைத் தண்ணீர், அந்துருண்டைப் பொடி: எல்லாமே பூனைக்கு விஷம். மனிதர் காயத்துக்கு டெட்டால் நல்லது என்பதால் பூனையின் புண்ணுக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள்.

வேப்பெண்ணெய்: “இயற்கை மருந்துதானே” என்று தைரியமாக ஊற்றுவார்கள். எண்ணெயில் சில பூச்சிகள் மூச்சுமுட்டிச் சாகும், முட்டைகள் தப்பிக்கும். செறிவான வேப்பெண்ணெயை நக்கினால் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் இறங்கிவிடும்.

மனிதக் காதுச் சொட்டு மருந்து: மெடிக்கலில் கேட்டு வாங்கி விடாதீர்கள். செவிப்பறை ஓட்டையாக இருக்கும்போது ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே போனால் கேட்கும் திறனும் உடம்பின் சமநிலையும் பாதிக்கப்படலாம்.

வலிக்குமே என்று பாரசிட்டமால்: வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையின் உயிரைக் குடிக்கப் போதும்.

பட்ஸ், தீக்குச்சி, ஊக்கு: பூனையின் காதுக் குழாய் நேராகப் போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. நீங்கள் விடும் குச்சி அழுக்கை அந்தத் திருப்பத்தில் கொண்டுபோய்த் திணிக்கும். பூனை ஒரு உதறு உதறினால் செவிப்பறையையே குத்திவிடும்.

தப்பித்தவறி மருந்து பட்டுவிட்டால்…

உண்ணி மருந்து பட்ட பூனைக்குச் சில மணி நேரத்தில் எச்சில் ஒழுகும். காதும் முகத்துத் தோலும் துடிக்கும். பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், கால் ஊன்ற முடியாமல் சாயும், வலிப்பு வரும், உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். சில பூனைகளுக்கு ஒரு நாள் கழித்தும் தொடங்கலாம். “ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு” என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அறிகுறி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மருந்து பட்டது தெரிந்த உடனே, பட்ட இடத்தைப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துவட்டித் துணியில் சுற்றி, நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பாலும் நல்லெண்ணெயும் புகட்டி நேரத்தைப் போக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நேரத்தோடு போனால் காப்பாற்ற முடிகிற விஷம்தான் இது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

“பூனைதானே, தானாச் சரியாயிடும்” என்று விடுகிறவர்களும் உண்டு. தானாகச் சரியாகாது.

ஓயாமல் உதறுவதாலும் பிறாண்டுவதாலும் காது மடலுக்குள் ரத்தக் குழாய் உடைந்து, மடல் தலையணையாக உப்பிவிடும். அதை ஊசியால் குத்தி வடிக்க முயலாதீர்கள், சீழ் பிடிக்கும். கவனிக்காவிட்டால் மடல் சுருங்கி, ஆயுளுக்கும் கோணலாக நின்றுவிடும்.

புண்ணான காதில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறும். மஞ்சளாகச் சீழ், சகிக்க முடியாத நாற்றம். தொற்று செவிப்பறையைத் தாண்டி உள்ளே போனால் பூனை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கும், வட்டமடிக்கும், நடக்கும்போது விழும். பரணில் தாவி எலி பிடித்த பூனைக்குத் திண்ணை ஏறவே முடியாமல் போகும். தலை சாய்வும் தள்ளாட்டமும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு நோய், பூனைச் சொறி. நோட்டோட்ரிஸ் என்ற வேறொரு பூச்சி தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதால் வருவது. அது காது ஓட்டைக்குள் தொடங்காது. காது மடலின் விளிம்பில் சாம்பல் நிறப் பொருக்காகத் தொடங்கி, முகம், கண், கழுத்து என்று பரவும். தோல் தடித்துச் சுருங்கிப்போகும். தொட்டுத் தூக்குகிறவர்களின் கையிலும் அரிப்புப் புள்ளிகள் வரும். இதற்கும் மருந்து உண்டு, நன்றாகக் குணமாகும். பயந்துபோய்ப் பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிற வேலை மட்டும் வேண்டாம். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், அந்தப் பூனையோடு பூச்சியும் அடுத்த ஊருக்குப் போகிறது.

நமக்குத் தொற்றுமா?

குழந்தைகள் பூனையைக் கட்டிக்கொண்டு படுக்கிற வீடுகளில் இந்தப் பயம் வருவது நியாயம்தான். காதுப் பூச்சி மனிதர் மேல் குடியேறுவது மிக அரிது. கையில் ஏறினாலும் சில நாள் அரிப்போடு போய்விடும்.

மனிதக் காதில் அது என்ன செய்யும் என்று தன்னையே வைத்துச் சோதித்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கால்நடை மருத்துவர் ராபர்ட் லோபஸ். ஒரு பூனையின் காதிலிருந்து எடுத்த பூச்சிகளைத் தன் காதிலேயே விட்டுக்கொண்டார். உள்ளே பிறாண்டும் சத்தம், ஊர்கிற உணர்வு, தாங்க முடியாத அரிப்பு. இரவில் பூச்சிகள் மும்முரமாகிவிடும். அவருக்குத் தூக்கமே போயிற்று. அதோடு விடாமல் மறுபடியும் செய்து பார்த்து, அனுபவத்தைக் கால்நடை மருத்துவ இதழில் எழுதினார். 1994-இல் அதற்கு இக் நோபல் விருதும் கிடைத்தது.

அவருக்கு என்ன நடக்கிறதென்று தெரியும். வேண்டாம் என்றால் கழுவிவிடவும் முடியும். ஆனாலும் அவர் பட்ட பாடு அது. வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பிராணி, மாதக்கணக்கில், இரண்டு காதிலும் அதைச் சுமந்துகொண்டு திரிவதை நினைத்துப் பாருங்கள். பூனை பிறாண்டுவது குணக்கேடு அல்ல, வலி.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் மருத்துவர். அரியலூர் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் பழக்கமான மாட்டாஸ்பத்திரிதான் அது. கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் பூனையையும் காட்டலாம்; “பூனையைத் தூக்கிட்டு வந்துட்டியா” என்று யாரும் சிரிப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் வழி கேட்கலாம். காது மிக மோசமாகி, மேல்சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சாக்கில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், மூச்சுத் திணறும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையிலோ, தக்காளிக் கிரேடுகள் இரண்டைக் கவிழ்த்துக் கட்டியோ, மேலே துணி போர்த்திக் கொண்டுபோங்கள். இருட்டில் பூனை அமைதியாக இருக்கும். மருத்துவர் பார்க்கும் முன் காதைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடாதீர்கள். அவர் பார்க்க வேண்டியதே அந்த அழுக்கைத்தான்.

இன்றைக்குப் பூனைக்கென்றே செய்த மருந்துகள் இருக்கின்றன. செலாமெக்டின், மாக்ஸிடெக்டின் கலந்த சொட்டு மருந்துகளைப் பிடரியில், பூனையின் நாக்குக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடுவார்கள். அது உடம்பு முழுக்கப் பரவிக் காதிலும் வாலிலும் இருக்கும் பூச்சியை ஒருசேரக் கொல்லும். மறுபடி எப்போது விட வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வயது, எடை பார்த்துத்தான் இதைத் தருவார்கள். பால்குடிக் குட்டிகளுக்கு நீங்களாக விடாதீர்கள். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் பங்கு போடவும் கூடாது.

செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, அவர் தந்த திரவத்தால் காதைச் சுத்தம் செய்யலாம். பாட்டிலைக் கையில் பிடித்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். துண்டால் பூனையை நாலு காலும் உள்ளே இருக்கும்படி சுற்றிக்கொள்ளுங்கள். திரவத்தை விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து மெதுவாகப் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். விட்டுவிடுங்கள், அதுவே உதறும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தால் போதும்.

அப்போது பூனை கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, சும்மா விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. உங்கள் பூனைக்கும் ஆண்டுதோறும் அந்தத் தடுப்பூசியைப் போட்டு வையுங்கள்.

வராமல் தடுக்க

* வாரம் ஒரு நாள் காதைப் பாருங்கள். சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற வீடு என்றால் அன்றே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.
* புதுக் குட்டி வீட்டுக்கு வந்தால், டாக்டர் காதைப் பார்க்கும் வரை மற்றப் பூனைகளோடு சேர்க்காதீர்கள். பூச்சி இருந்தால் மூன்று வாரமாவது தனியே வையுங்கள்.
* பூனை படுக்கும் சாக்கு, பழந்துணி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் நனைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். மழைக்காலத்தில் பூனைகள் எல்லாம் ஒரே மூலையில் சுருண்டு படுக்கும். அப்போது கவனம் கூடுதலாக வேண்டும்.
* கருத்தடை செய்யுங்கள். கடுவன் சண்டைக்காக ஊர் சுற்றுவது குறையும். குட்டிகள் பெருகிப் பூச்சியைப் பரப்புவதும் குறையும்.
* உண்ணி மருந்தையும் வயல் மருந்தையும் பூட்டி வையுங்கள். மாட்டுக்கு மருந்து தெளித்த அன்று, அது காயும் வரை பூனையைக் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

ஒரு வீடு செய்தால் போதாது

ஊர்ப் பூனை ஒரே வீட்டுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. காலையில் உங்கள் வீட்டில் பால், மத்தியானம் பக்கத்து வீட்டில் மீன் தலை, ராத்திரி எதிர் வீட்டுப் பரணில் படுக்கை, குட்டி போடுவதோ நாலாவது வீட்டு வைக்கோல் போரில். உங்கள் பூனைக்கு மட்டும் மருந்து போட்டால், அடுத்த வீட்டுப் பூனையிடமிருந்து அடுத்த மாதமே பூச்சி திரும்பிவிடும். மருந்துக் காசும் வீண், பூனை பட்ட அவதியும் வீண்.

அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து பேசுங்கள். யார் யார் வீட்டில் எத்தனை பூனை, எத்தனை நாய் என்று கணக்கெடுங்கள். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போட மருத்துவரிடம் கேளுங்கள். ஒருவருக்கு ஆட்டோ செலவு, இன்னொருவருக்குக் கூடை, மற்றொருவருக்கு மருந்துச் செலவில் பங்கு என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை.

பக்கத்து வீட்டு அத்தையோ ஆயாவோ வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு பூனையைப் பிடிக்கப் போனால், “இருங்க ஆயா, ஊத்தாதீங்க, நாளைக்கு மாட்டாஸ்பத்திரிக்கு எங்க பூனையோட இதையும் கொண்டுபோறேன்” என்று சொல்லுங்கள். உண்ணி மருந்துப் பாட்டிலோடு யாராவது வந்தால், கையைப் பிடித்தே நிறுத்துங்கள். ஒரு பூனையின் உயிர் அந்த நிமிடத்தில் உங்கள் கையில்தான் இருக்கிறது!